ஐந்து விரலுக்குள் ஒரு கிராமத்துப் பாட்டு

பியானோ கற்க வரும் ஏழு வயதுப் பிள்ளைக்குக் கை ஒரு ஸ்தாயி அகலத்துக்கு விரியாது. கட்டைவிரலைக் கீழ் ஸட்ஜத்தில் வைத்தால் சுண்டுவிரல் மேல் ஸட்ஜத்தை எட்டாமல் நடுவிலேயே நின்றுவிடும். இதைத் தலைப்பிலேயே கணக்கில் எடுத்துக்கொண்ட புத்தகம் ஒன்று உண்டு. ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக் 1908, 1909 ஆண்டுகளில் எழுதிய 'குழந்தைகளுக்காக'. நாட்டுப்பாடல்களையும் குழந்தைப் பாடல்களையும் கொண்டு, புதிதாகக் கற்பவர்களுக்கு எழுதிய சிறு உருப்படிகள். ஸ்தாயியை எட்டிப் பிடிக்கும் வேலை இதில் கிடையாது என்று முதல் பக்கமே சொல்லிவிடுகிறது. நான்கு தொகுதிகள், மொத்தம் 85 உருப்படிகள். பலவும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

மயிலாப்பூரில் என் வீட்டு முன்னறையில் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் லண்டன் வாரியங்களின் கிரேடு தேர்வுக்குத் தயாராகிறவர்கள். அந்தத் தேர்வுப் பட்டியல்களில் பார்டோக் பெயர் அடிக்கடி வரும். பிள்ளை வாசிக்க ஆரம்பித்ததும் காத்திருக்கும் அம்மாவோ தாத்தாவோ தலையை நீட்டுவார்கள். "என்ன மிஸ், இது மட்டும் வேற மாதிரி இருக்கு?" நான் ரசிக்கிற கேள்வி இது. வகுப்பு நேரத்துக்குள் இதற்குப் பதில் சொல்லி முடிக்க முடிந்ததே இல்லை.

பதிலைச் சொல்ல 1904-ஆம் ஆண்டுக் கோடைக்குப் போக வேண்டும். பார்டோக்குக்கு அப்போது 23 வயது. வாசிப்புப் பயிற்சிக்கும் இசை எழுதுவதற்கும் அமைதியான இடம் தேடி, கெர்லிட்ஸே என்ற சிற்றூரில் போய்த் தங்கியிருந்தார். இன்று அந்த ஊர் ஸ்லோவாக்கியாவில் இருக்கிறது. அங்கே வந்திருந்த ஒரு குடும்பத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் இளம்பெண் லிடி டோஷா, டிரான்சில்வேனியாவின் கிபேட் கிராமத்துக்காரி. அவள் தன்போக்கில் பாடிக்கொண்டிருந்தது பார்டோக் காதில் விழுந்தது. சேற்றில் விழுந்த சிவப்பு ஆப்பிளைப் பற்றிய பாட்டு. அவளை உட்கார வைத்து, தெரிந்ததையெல்லாம் பாடச் சொல்லி எழுதிக்கொண்டார்.

அவர் ஏன் அப்படி அசந்துபோனார் என்பதற்குப் பின்னணி உண்டு. அதுவரை ஐரோப்பா முழுக்க 'ஹங்கேரிய இசை' என்று அறிந்திருந்தது, நகரத்து உணவகங்களில் ரோமா இசைக்குழுக்கள் வயலினும் சிம்பலோமும் வைத்து வாசித்த பாணியைத்தான். லிஸ்ட்டின் ராப்சடிகளும் பிராம்ஸின் ஹங்கேரிய நடனங்களும் அதிலிருந்து பிறந்தவை. மண்ணில் உழைக்கிறவர்கள் பாடியது வேறு. படித்த நகரத்தாரில் பலர் அதைக் கேட்டதுகூட இல்லை. அடுத்த ஆண்டு பார்டோக்குக்கு ஸோல்தான் கோடாய் அறிமுகமானார். கோடாயும் ஊர் ஊராகப் போய்ப் பாடல் சேர்த்தவர். 1906-இல் இருவரும் சேர்ந்து இருபது நாட்டுப்பாடல்களைப் பியானோ துணையோடு வெளியிட்டார்கள். அதன்பின் எடிசன் ஃபோனோகிராஃபையும் மெழுகு உருளைகளையும் தூக்கிக்கொண்டு கிராமங்களுக்குப் போவது பார்டோக்கின் வாழ்க்கையாகவே ஆகிவிட்டது.

சேகரிப்பது சுலபமாக இல்லை. நகரத்திலிருந்து வந்த ஒல்லியான மனிதர் ஒருவர், பெட்டியும் குழாயுமாக வாசலில் நின்று, "பழைய பாட்டு பாடுங்கள், உங்கள் பாட்டி பாடியது" என்று கேட்டால் எந்தக் கிழவி உடனே வாய் திறப்பாள்? ஒருத்தி தேவாலயப் பாட்டு பாடுவாள். இன்னொருத்தி போன வருஷம் ஊருக்குள் வந்த புதுப் பாட்டைப் பாடுவாள். 1907-இல் டிரான்சில்வேனியாவிலிருந்து வயலின் கலைஞர் ஸ்டெஃபி கெயருக்கு எழுதிய கடிதத்தில், அப்படி ஒரு பெண்ணோடு தான் பட்ட பாட்டை நாடக வசனம்போல முழுக்க எழுதி வைத்திருக்கிறார். அதே பயணத்தில்தான் சீக் மாவட்டத்தில் அவர் தேடியது கிடைத்தது: ஐந்தே ஸ்வரங்களில் அமைந்த மிகப் பழைய மெட்டுகள்.

இந்த இடத்தில் கர்நாடக இசை தெரிந்த வாசகர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். அந்த ஐந்து ஸ்வரங்கள் ஸ, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், ப, கைசிகி நிஷாதம். நாம் சுத்த தன்யாசி என்று பாடும் அதே ஐந்து. ஸ்வரங்கள் ஒன்றாக இருப்பதால் ராகமும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. நம் கமகங்கள் அங்கே இல்லை, அவர்களின் இழைப்பு நம்மிடம் இல்லை. ஆனாலும் என்னிடம் வரும் பிள்ளைகளில் பாட்டு வகுப்புக்கும் போகிறவர்கள் இந்த மெட்டுகளைக் கேட்டதும் மிரளுவதில்லை. ஸி மேஜர் ஸ்கேலை மட்டும் உருட்டிக்கொண்டிருந்த பிள்ளைதான் மிரளும். பழைய பாணி ஹங்கேரிய மெட்டில் இன்னொரு பழக்கமும் உண்டு. நான்கு அடிப் பாட்டில் முதல் இரண்டு அடிகள் மேலே ஒலிக்கும். அடுத்த இரண்டு அடிகள் ஏறக்குறைய அதே மெட்டை ஐந்து ஸ்வரம் கீழே இறக்கிச் சொல்லும். முழுப் பாட்டும் மேலிருந்து கீழே படி இறங்கிவரும்.

இப்போது புத்தகத்துக்கு வருவோம். பார்டோக் அப்போது புடாபெஸ்ட் இசை அகாடமியில் பியானோ ஆசிரியர். குழந்தைகளுக்குக் கிடைத்த பாடப் புத்தகங்கள் எப்படி இருந்தன என்று அவருக்குத் தெரியும். ஒரு பக்கம் பையர், செர்னி போன்றவர்களின் விரல் பயிற்சிகள். இன்னொரு பக்கம் வரவேற்பறைக்கு ஏற்ற இனிப்பான மெட்டுகள். நல்ல விதிவிலக்குகளும் இருந்தன. ஷூமன் 1848-இல் தொகுத்த 'இளையோர் ஆல்பத்தில்' நாட்டுப்பாடல் என்றே பெயரிட்ட சிறு உருப்படி இருக்கிறது. அது ஷூமன் தானே கற்பனை செய்தது. சைகோவ்ஸ்கி 1878-இல் எழுதிய 'குழந்தைகள் ஆல்பத்தில்' ரஷ்ய, நேப்பிள்ஸ், பழைய பிரெஞ்சுப் பாட்டுகள் வருகின்றன. இரண்டையும் நான் விரும்பிச் சொல்லிக்கொடுக்கிறேன். அவற்றில் கிராமத்து மெட்டு நகரத்து இசையின் ஒழுங்குக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். பார்டோக்கிடம் இது தலைகீழ். மெட்டு தன்னிடத்திலேயே இருக்கும், பியானோதான் அதனிடம் போகும்.

எப்படி என்று கேட்டால் இடது கையைக் கவனிக்கச் சொல்வேன். தொடக்கநிலைப் பாடங்களில் இடது கைக்குக் கொடுக்கும் வழக்கமான வேலை, கார்டைப் பிரித்து 'ஸ-ப-க-ப' என்று சுற்றிக்கொண்டே இருப்பது. மெட்டு முடியும் இடத்தில் காகலி நிஷாதம் இருக்கும் கார்டை அழுத்தி, அங்கிருந்து ஸட்ஜத்துக்கு வந்து முற்றுப்புள்ளி வைப்பது. ஐந்து ஸ்வர மெட்டில் காகலி நிஷாதமே கிடையாது. இல்லாத ஸ்வரத்தைத் துணைக்குக் கொண்டுவந்தால் பாட்டு கெட்டுப்போகும். அதனால் பார்டோக் பாட்டைக் கேட்டே துணையை எழுதினார். ஸ, க, ப, நி நான்கும் அந்த மெட்டில் சம அந்தஸ்தோடு புழங்குகின்றன, ஆகவே நான்கையும் சேர்த்து அழுத்தும் கார்டும் நிம்மதியாக நின்று ஒலிக்கலாம் என்பது அவர் கண்டுகொண்டது. அதுவரை பாடப் புத்தகங்கள் அதே கார்டை 'அந்தரத்தில் நிற்பது, உடனே தீர்க்க வேண்டியது' என்று சொல்லிக்கொண்டிருந்தன. சில உருப்படிகளில் இடது கை பைக்குழல்காரரின் சுருதிபோல ஸ-பவை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். சிலவற்றில் நாலைந்து ஸ்வரங்களை விடாமல் திரும்பத் திரும்பச் சொல்லும். மெட்டு மறுபடி வரும்போது வலது கை அப்படியே இருக்க, இடது கை மட்டும் மாறியிருக்கும். மெட்டு எவ்வளவு எளியதோ அவ்வளவு துணிச்சலாகத் துணையை எழுதலாம் என்று 1931-இல் பேசிய ஒரு விரிவுரையில் அவரே விளக்கியிருக்கிறார்.

புத்தகத்தின் முதல் உருப்படியையே எடுத்துக்கொள்வோம். ஏதாவது சுடலாம், என்ன சுடலாம் என்று பிள்ளைகள் பாடி விளையாடும் பாட்டு அது. வலது கை அந்தப் பாட்டை ஒரு மாற்றமும் இல்லாமல் வாசிக்கும். விரலுக்கு எந்தச் சிரமமும் இல்லை, இரண்டாவது மாதத்திலேயே கொடுக்கலாம். சிரமம் வேறு இடத்தில் வரும். ஆங்கில ரைம்களில் ஊறிய பிள்ளை, முதல் ஸ்வரத்தை லேசாகத் தொட்டுவிட்டு அடுத்ததில் போய் விழும். ஆங்கிலப் பாட்டில் பல, தாளத்துக்கு முன்னாலேயே ஒரு சின்ன அசையோடு தொடங்குவதால் வந்த பழக்கம் இது. ஹங்கேரிய மொழியில் எந்தச் சொல்லானாலும் அழுத்தம் முதல் அசையில்தான். ஆகவே பாட்டும் நேரே சமத்தில் எடுக்கும். முதல் ஸ்வரத்திலேயே கையின் எடை முழுவதும் இறங்க வேண்டும். "சமத்துல எடுப்புடா" என்று சொன்னால், மிருதங்கம் கற்கிற பையன் உடனே பிடித்துக்கொள்வான். ஸ்டாஃப் நொட்டேஷனில் எந்தக் குறியும் இதைச் சொல்லித்தராது. பாட்டின் மொழியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

நான்கு தொகுதிகளில் முதல் இரண்டு ஹங்கேரியப் பாடல்கள், அடுத்த இரண்டு ஸ்லோவாக் பாடல்கள். இந்தப் பங்கீட்டை நான் பெரிதாக மதிக்கிறேன். ஹங்கேரிய தேசியவாதம் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த நேரத்தில் அண்டை இனத்தாரின் பாட்டுக்குச் சரிபாதி இடம் கொடுத்துக் குழந்தைகள் கையில் தந்தார் பார்டோக். ருமேனியப் பாடல்களையும் அதே அக்கறையோடு சேர்த்தார். முதல் உலகப் போருக்குப் பின் எல்லைகள் மாறியபோது அதற்காக உள்ளூரில் வசைகளும் வாங்கினார். அவர் பிறந்த ஊர் இன்று ருமேனியாவில் இருக்கிறது, பள்ளி முடித்த ஊர் ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராட்டிஸ்லாவா.

ஸ்லோவாக் மெட்டுகளில் அடிக்கடி லிடியன் என்ற முறை தென்படும். நமக்கு அது கல்யாணியின் ஸ்வர வரிசை. பின்னாளில் பார்டோக் எழுதிய 'மிக்ரோகாஸ்மோஸ்' இரண்டாம் தொகுதியில் லிடியன் என்றே தலைப்பிட்ட சிறு உருப்படி ஒன்று உண்டு. என்னிடம் படிக்கிற ஒரு பெண், எஃப் ஸ்கேலை அப்போதுதான் மனப்பாடம் செய்திருந்தவள், அதை வாசிக்கும்போது நான்காவது ஸ்வரத்தைத் தானாகவே கீழே இறக்கிவிட்டாள். "மிஸ், ஃப்ளாட் போட மறந்துட்டாங்க." நான் பதில் சொல்வதற்குள் சோஃபாவிலிருந்து அவள் அம்மா சொன்னார்: "கல்யாணி மத்யமம்டி அது, மாத்தாதே!" பிள்ளை மறுபடி வாசித்தாள், இந்த முறை அந்த ஸ்வரத்தில் கொஞ்சம் நின்று. மிக்ரோகாஸ்மோஸின் முதல் இரண்டு தொகுதிகளில் கரஹரப்ரியாவின் ஸ்வரங்கள் டோரியன் என்ற பெயரிலும், தோடியின் ஸ்வரங்கள் ஃப்ரிஜியன் என்ற பெயரிலும், ஹரிகாம்போதியின் ஸ்வரங்கள் மிக்ஸோலிடியன் என்ற பெயரிலும் வருகின்றன. மேஜரும் மைனரும் மட்டுமே உலகம் என்று பிள்ளை எண்ணிப் பழகுவதற்கு முன்பே இவையெல்லாம் காதுக்குள் போய்விடும்.

மெட்டை அப்படியே எடுத்துக்கொள்வது ஒரு வழி. நாட்டுப்பாட்டின் சாயலில் சொந்தமாக மெட்டு கட்டுவது இன்னொரு வழி. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு 1908-இல் வந்த 'பத்து எளிய உருப்படிகளில்' ஒன்றான 'டிரான்சில்வேனியாவில் மாலைப்பொழுது'. இதில் வரும் இரண்டு மெட்டுகளும் பார்டோக்கின் சொந்தக் கற்பனை. மெதுவான முதல் மெட்டு பேச்சுப் போக்கில் பாடுவதைப் போன்றது; வேகமான இரண்டாவது, கிராமத்தார் குழல் ஊதுவதைப் போன்றது என்று அவரே சொல்லியிருக்கிறார். மெதுவான பகுதி மூன்று முறையும் வேகமானது இரண்டு முறையும் மாறி மாறி வரும். மெட்ரோனோம் வைத்துப் பழகிய பிள்ளைகளுக்கு அந்த மெதுவான பகுதி பெரிய சோதனை. விருத்தம் பாடுகிறவர் தாளத்துக்குக் கட்டுப்படாமல் சொல்லின் நீளத்துக்கு ஏற்ப நிறுத்துவார் அல்லவா, அந்தச் சுதந்திரம் இதற்கு வேண்டும். பார்டோக்கே வாசித்த ஒலிப்பதிவு இருக்கிறது. அச்சில் உள்ள கால அளவுகளை எழுதியவரே எவ்வளவு தாராளமாக வளைக்கிறார் என்பதைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். அதே தொகுப்பில் உள்ள 'கரடி நடனம்' நேர் எதிர்: கரடியை ஆட்டுகிறவனின் பாட்டு, மேளத்தின் ஓயாத அடி, கரடியின் உறுமல். எட்டு, ஒன்பது வயதுப் பையன்கள் இதை வாசிக்கத் துடிப்பார்கள், கைக்கு மீறியதாக இருந்தாலும்.

மிக்ரோகாஸ்மோஸ் ஆறு தொகுதிகள், 153 உருப்படிகள். 1926-இலிருந்து 1939 வரை எழுதியவை. இதில் நேரடி நாட்டுப்பாடல்கள் குறைவு. நாட்டுப்பாட்டின் எலும்பும் நரம்பும் எங்கும் இருக்கும். முதல் ஆறு உருப்படிகளில் இரண்டு கைகளும் ஒரே மெட்டை ஒரு ஸ்தாயி இடைவெளியில் வாசிக்கின்றன, ஐந்து விரல் அசையாத ஐந்து இடங்களில். முதல் இரண்டு தொகுதிகளை இளைய மகன் பீட்டருக்குச் சமர்ப்பித்திருக்கிறார். அப்பாவிடம் பியானோ கற்ற கதையைப் பீட்டர் பின்னாளில் எழுதியிருக்கிறார். பாடம் தொடங்கியபோது பீட்டருக்கு ஒன்பது வயது. முதலில் பாட மட்டுமே விட்டாராம். பிறகு விரல் பயிற்சிகள். சில நாள் பாடத்தின் நடுவில், "கொஞ்சம் இரு" என்று அப்பா மேசைக்குப் போவார், பேனா காகிதத்தில் கீறும் சத்தம் மட்டும் கேட்கும், சில நிமிடங்களில் புத்தம்புதிய உருப்படி ஒன்று மகன் முன்னால் வந்துவிடும்.

முதலில் பாட மட்டுமே. இந்தச் செய்தியைத்தான் நான் பெற்றோர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். மிக்ரோகாஸ்மோஸிலேயே சில உருப்படிகள் பாடிக்கொண்டே வாசிக்கும்படி, குரலுக்குத் தனி வரியோடு அமைந்திருக்கின்றன. நாட்டுப்பாட்டு பியானோவுக்குள் வந்ததன் முழுப் பயன் அப்போதுதான் கிடைக்கும். பாடிய பிள்ளைக்கு மூச்சு எங்கே விடுவது என்று தெரியும், ஆகவே விரலை எங்கே தூக்குவது என்றும் தெரியும். பாடாத பிள்ளை எல்லா ஸ்வரத்தையும் ஒரே பலத்தில் தட்டிக்கொண்டு போகும். எவ்வளவு சரியாக வாசித்தாலும் அது தட்டச்சுதான்.

தாளத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மிக்ரோகாஸ்மோஸின் கடைசி ஆறு உருப்படிகள் 'பல்கேரியத் தாளத்தில் நடனங்கள்'. ஆரம்பநிலைக்கு அவை எட்டாதவை. ஆனால் நான்காம் தொகுதியிலேயே இதற்கு முன்னோட்டம் இருக்கிறது. 113-ஆவது உருப்படி ஏழு எண்ணிக்கை: இரண்டு, இரண்டு, மூன்று. 115-ஆவது ஐந்து எண்ணிக்கை. ஐரோப்பியப் பிள்ளைகளுக்கு இது தலைவேதனை என்று ஆசிரியர்கள் புலம்புவார்கள். "தக தக தகிட" என்று வாயால் சொல்ல வைத்துவிட்டால் சென்னைப் பிள்ளைகளுக்கு அரை மணிநேர வேலை. மிச்ர சாபு, கண்ட சாபு கேட்டு வளர்ந்த காதுக்கு ஏழும் ஐந்தும் கோணலாகப் படுவதில்லை.

கோடாயை விட்டுவிடக் கூடாது. 1945-இல் அவர் எழுதிய 'குழந்தைகள் நடனங்கள்' பன்னிரண்டும் முழுக்கக் கறுப்புக் கட்டைகளிலேயே வாசிக்க வேண்டியவை. கறுப்புக் கட்டைகள் ஒரு ஸ்தாயிக்கு ஐந்துதான், எனவே ஐந்து ஸ்வர இசைக்குத் தயாராக அமைந்த இடம். எந்தக் கறுப்புக் கட்டையை ஸட்ஜமாக வைக்கிறோம் என்பதைப் பொறுத்து நமக்கு மோகனம், மத்யமாவதி, சுத்த தன்யாசி, சுத்த சாவேரி, ஹிந்தோளம் ஐந்தின் ஸ்வரங்களும் கிடைக்கும். வீட்டில் கீபோர்டு இருந்தால் இன்றைக்கே தட்டிப் பாருங்கள்.

'குழந்தைகளுக்காக' வாங்க நினைப்பவர்களுக்கு: பார்டோக் அமெரிக்காவில் இருந்தபோது, 1945-இல், மறைவதற்குச் சற்று முன், இதைத் திருத்தினார். ஆறு உருப்படிகளை நீக்கினார், சிலவற்றில் துணையை மாற்றினார். ஆகவே 79 உருப்படிகளோடு இரண்டு தொகுதிகளாக இருந்தால் அது திருத்திய பதிப்பு. 85 இருந்தால் பழையது. எதுவானாலும் நல்ல புத்தகம். தேர்வுப் பட்டியலில் உள்ள ஒன்றை மட்டும் நகல் எடுத்து ஒரு வருஷம் முழுக்க அதையே உருப்போட வைக்காதீர்கள். முழுப் புத்தகத்தையும் வாங்கிக் கொடுங்கள், வாரத்துக்கு ஒன்றாவது புரட்டி வாசிக்கட்டும், தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை. பியானோவைத் திறப்பதற்கு முன் மெட்டை வாய்விட்டுப் பாடச் சொல்லுங்கள். ஆசிரியர் அதற்கு நேரம் ஒதுக்கவில்லை என்றால், கேட்டு வாங்குங்கள்.